பதிலுக்கு இரண்டு தட்டு

வந்தவர்கள் ஆறு பேர்: மேனேஜர், அவர் மனைவி, சாந்தி மேடம், தினேஷ், புதிதாகச் சேர்ந்த பெண், நான். வராதவர்கள் இரண்டு பேர். பாஸ்கர் விழுப்புரத்தில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தான். வாட்ச்மேன் அண்ணனை யாரும் கூப்பிடவில்லை.

விருந்துக்குப் போனால் மெனு கார்டைப் பார்க்காமல் ஆளை எண்ணுகிறவன் நான். அதுவும் தலைக்கு மேலே கீற்றுக்கூரை இருந்தால் இரண்டு தடவை எண்ணுவேன். போன மாதம் சாந்தி மேடத்துக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக மதியச் சாப்பாடு. கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு பழைய பிரெஞ்சு வீடு. அதன் மொட்டைமாடியில் சவுக்குக் கழி நட்டுக் கீற்று வேய்ந்து ஓட்டலாக்கியிருக்கிறார்கள். ஏறுவதற்கு ஒரே ஒரு மாடிப்படி, அதுவும் ஒடுக்கம். நான் படிக்கு மிக அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சிஸ்லர் என்று ஒன்று வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் புகையோடு 'சொய்ங்' என்று கொண்டுவருவார்களே, அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"இன்னா ப்ரோ, பில்லு வர்றதுக்கு முன்னாடியே எஸ்கேப்பா?" என்றான் தினேஷ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் படிப்பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

அந்தக் கூரையை வேய்ந்தவர் என் அப்பா. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. கயிற்று முடிச்சின் வாலை இடதுபக்கமாகவே விடுவது அவர் வழக்கம். நிமிர்ந்து பார்த்தால் வரிசையாக எல்லா வாலும் இடதுபக்கம். புதுக் கீற்றின் வாசனை வேறு. முடைவதற்காகத் தென்னை மட்டையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் குட்டைத் தண்ணீரின் நாற்றம், காய்ந்த பிறகும் லேசாக இருக்கும். ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதை மூச்சிழுத்து ரசிக்கிறார்கள். எனக்கு அந்த வாசனை வந்தவுடன் பின்னாலேயே கருகல் வாசனையும் வந்துவிடும். அங்கே எதுவும் கருகாவிட்டாலும் வரும்.

எங்கள் வீடு உப்பளம் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ஒரு வரிசையில் ஆறாவது. மொத்தம் ஒன்பது வீடு. எல்லாமே கீற்று, எல்லாமே அப்பா வேய்ந்தது. ஒரு கூரையின் இறவாரம் அடுத்ததன் மேல் படுத்திருக்கும். பூனை தரையில் கால் வைக்காமல் முதல் வீட்டிலிருந்து ஒன்பதாவது வீட்டுக்குப் போய் மீனைத் தூக்கிக்கொண்டு வரும்.

கூரை வேய இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே. மேலிருப்பவர் கயிறு கோத்த மூங்கில் ஊசியைக் கீற்றுக்குள் குத்தி இறக்குவார். கீழிருப்பவர் அதைக் கழியைச் சுற்றித் திருப்பி மேலே அனுப்புவார். நடுவில் இத்தனை அடுக்கு கீற்று இருப்பதால் பேசினால் சரியாகக் கேட்காது. அதனால் கழியைத் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் 'இழு'. இரண்டு தட்டு என்றால் 'பொறு'. எதையாவது அறுக்கப்போகிறபோது மேலிருப்பவர் மூன்று தட்டுவார், 'விலகு' என்று. கீழிருந்து பதில் வராவிட்டால் ஆள் இல்லை, அறுக்கலாம்.

ஐந்தாவது வீடு மதலேன் அக்காவுடையது. அவருடைய மாமனார் கஸ்பார் தாத்தா ஆலைத் தறியில் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். சுத்தமாகக் கேட்காது. ஆனால் அந்த வீட்டுக்கு, தீப்பிடித்ததற்கு முந்தின வாரம்தான் கீற்று மாற்றியிருந்தார்கள். அப்போது உள்ளே நின்று ஊசி திருப்பியது அவர்தான். "காதுள்ளவனுங்க எவனும் இவ்ளோ சரியா செஞ்சதில்ல" என்று அப்பா சொன்னார். தறியின் அதிர்விலேயே காலம் தள்ளிய கை அவருடையது. கழியில் விரல் வைத்திருந்தால் போதும், அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது; அப்போது நான் இதே அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. எங்கள் வீட்டில் முதன்முதலாக வாங்கிய இஸ்திரிப் பெட்டியால் திங்கட்கிழமைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை வந்ததும் சட்டை போச்சு என்றுதான் நினைத்தேன். சட்டை நன்றாக இருந்தது.

வெளியே வந்தால் முதல் வீடு எரிகிறது. அடுப்பா, கரண்ட் ஒயரா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்போதுதான் கடல்காற்று ஏறத் தொடங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க இரண்டாவது வீட்டின் முகடு பற்றியது. சத்தம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரிய மழை வருகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது.

அம்மாவும் நானும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் விட்டோம். திரும்பி வருவதற்குள் அப்பா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியோடு நின்றார். தீயணைப்பு வண்டி சந்துக்குள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒரு கூரையை இறக்கிவிட்டால்தான் மீதி பிழைக்கும். முகட்டில் எந்தெந்த முடிச்சை அறுத்தால் ஒரு பக்கம் முழுசாகச் சரியும் என்று கட்டியவருக்குத்தான் தெரியும்.

"அஞ்சாவதை எறக்கணும். மதலேன் எங்க?"

"கல்யாணத்துக்கு அரியாங்குப்பம் போயிருக்காங்க" என்றாள் அம்மா.

"பெருசு?"

"மூணு மணிக்கு டீக்கடைக்குப் போயிடுமே."

அப்பா என்னைப் பார்த்தார். "டேய், உள்ள போய்ப் பாருடா."

நான் ஓடினேன். வாசல்வரை ஓடினேன். கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே ஒரே இருட்டு, அதற்குள் புகை. என் கால் நிலைப்படியைத் தாண்டவில்லை. வாசலிலேயே நின்று, "தாத்தா! உள்ள யாருனா இருக்கீங்களா?" என்று கத்தினேன். காது கேட்காத மனிதரைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று திரும்பினேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் செய்த காரியம் அது.

"யாருமில்லப்பா!"

அப்பா ஏறிவிட்டார். கத்தியை எடுத்தார். கங்கு பறந்துவந்து அவர் தோளில் விழுந்தது, தட்டிவிட்டார். என் வார்த்தையை நம்பி நேராக அறுத்திருக்கலாம். கைப்பழக்கம்தான், கத்தியின் பிடியால் முகட்டுக் கழியை மூன்று தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ மதியங்களில் கேட்டு அலுத்த சத்தம். கைத்தடியால் தூணில் டொக், டொக். 'பொறு.' அவ்வளவுதான்.

அப்பா கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அப்போதும் வாசலில்தான் நின்றேன். வெளியே வரும்போது கஸ்பார் தாத்தா ஒரு கையை மட்டும் பனியனுக்குள் விட்டிருந்தார். இன்னொரு கை வெளியே தொங்கியது. முகத்தில் கோபம்.

"ஒழுக்கு பாக்க வந்தா சொல்லிட்டு வரமாட்டியா? தூங்கி எந்திரிச்சு தூணுல சாஞ்சு பனியன் போடறதுக்குள்ள தட்டுற!" என்று அப்பாவைத் திட்டினார். பிறகு நிமிர்ந்து, எரிகிற நாலாவது வீட்டைப் பார்த்தார். இன்னொரு கையை அவரே மெதுவாகப் பனியனுக்குள் நுழைத்துக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் வேறு என்னவோ ஆகிவிடும்.

அதற்குள் ஐந்தாவது கூரையில் தீ ஏறிவிட்டது. இனி இறக்கவேண்டியது ஆறாவது. எங்களுடையது.

அப்பா எங்கள் கூரைமேல் ஏறினார். மூன்று தட்டினார். இந்தத் தடவை நான் உள்ளே இருந்தேன். யாரும் சொல்லாமலே போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், அம்மா குளிக்கிற மறைப்புக்குள், எங்கும் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"டேய், உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்தேம்பா."

"கட்டிலுக்கு அடியில?"

"பாத்தேம்பா."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

மறுபடியும் மூன்று தட்டினார். காத்திருந்தார். அப்புறம்தான் அறுத்தார். கொடியிலிருந்து ஈரப்புடவை வழுக்குவதுபோல எங்கள் கூரை சந்துப்பக்கம் மொத்தமாகச் சரிந்தது. அதை எல்லோரும் சேர்ந்து வாய்க்காலுக்குள் இழுத்துப்போட்டோம். மறுபக்கமும் அப்படியே. தீ ஐந்தாவது வீட்டோடு நின்றது. ஏழு, எட்டு, ஒன்பது தப்பின. என் சட்டை, திறந்த வானத்துக்குக் கீழே, இஸ்திரி மேசைமேல் சாம்பல் படிந்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

மதலேன் அக்கா சாயங்காலம் பட்டுப்புடவையோடு ஓடிவந்தார். எரிந்த வீட்டை அவர் பார்க்கவேயில்லை. கவிழ்த்துப்போட்ட பக்கெட்டில் உட்கார்ந்திருந்த மாமனாரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். யாரோ நடந்ததைச் சொன்னார்கள்போல. எழுந்து எங்களிடம் வந்தார்.

"வூட்ல ஆளு இல்லன்னு சொன்னது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். "நான்தாம்மா சரியா கேக்கல. எம்மேலதான் தப்பு."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் பழைய மாதிரி பேசியதில்லை. உண்மையை இந்த எட்டு வருஷத்தில் நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவர் படிக்கமாட்டார் என்கிற தைரியத்தில்.

இரண்டு வாரம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தோம். அப்பா எங்கள் கூரைக்குக் கீற்றுச் சொல்லி அனுப்பப் போனபோது நான் தடுத்தேன். தகர ஷீட் போட்டுவிடலாம் என்றேன்.

"கீத்துக்காரன் வூட்ல ஷீட்டா? அப்பறம் எவன்டா என்னைக் கூப்புடுவான்?"

"எனக்குப் பயமா இருக்குப்பா."

அவர் எதிர்த்து ஏதாவது சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஷீட் போடுகிறவன் வந்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அப்பாதான்.

தெருவே பார்த்தது. கீற்றுக்காரரே கீற்றை நம்பவில்லை என்றால் மற்றவர்களுக்கு என்ன? எரிந்த வீடுகள் ஷீட்டுக்கு மாறின. எரியாத மூன்றும் அடுத்த மழைக்குள் மாறின. யாரும் சட்டம் போடவில்லை. நாங்கள் பயந்ததைப் பார்த்து அவர்களும் பயந்தார்கள்.

இப்போது அப்பாவுக்கு ஓட்டல் மொட்டைமாடிகள்தான். அதிலும் நான் சிஸ்லருக்குப் பயந்து ஓடிய ஓட்டலின் முதலாளி, பிளாஸ்டிக்கில் கீற்று மாதிரியே விற்கிறார்களாமே, அதை மாட்டித் தருவீர்களா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா அதில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தார். பிறகு டிவி மேல் வைத்தார். அது அங்கேயே இருக்கிறது.

கஸ்பார் தாத்தா ஷீட்டுக்குக் கீழே நாலு வருஷம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவருக்கு ஒரு குறை. இரும்புத் தூணில் கை வைத்துப் பார்ப்பார். "மழ பேஞ்சாலும் அதிருது, காக்கா உக்காந்தாலும் அதிருது. எவன் எதுக்குத் தட்டுறான்னே தெரியல" என்பார்.

எனக்கு அந்த ஷீட்டுக்குக் கீழேதான் தூக்கம் வருகிறது. அதையும் சொல்லிவிடவேண்டும். கோடையில் வெந்துபோகிறோம், ஆனாலும் தூங்குகிறேன். ஷீட், பைப், ஆணி, கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அந்தத் தூக்கத்துக்கு எனக்கு ஆன செலவு முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். அப்பாவுக்கு ஒன்பது கூரை.