காட்டுக்குத் தைத்த ஹேமக்

ஈப்போ டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், தாப்பா தாண்டி எங்கள் தேயிலை மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்.

“இனிமே லீவு வந்தா ஆஸ்பத்திரியும் வேணாம், கோயிலும் வேணாம்லா. காட்டுல போய்ப் படுப்போம்.”

கல்யாணமானதிலிருந்து எங்கள் லீவெல்லாம் பிள்ளைக்காகவே செலவாகியிருந்தது. இனி வைத்தியத்தால் பயனில்லை என்று அன்று டாக்டர் பதமாகச் சொல்லிவிட்டார். நான் அழவில்லை. பசிக்கிறது என்றேன், ரிங்லெட்டில் நிறுத்தி மீ கோரெங் சாப்பிட்டோம். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னால் பரிதாபப்படுவார்கள். அதைவிட ‘ஏதாச்சும் விசேஷமா?’ என்ற கேள்வியே தேவலை என்று நினைத்தேன்.

அவர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். லோரி சீட்டில் மடங்கிப் படுத்தே பழகியவருக்குக் கால் நீட்டிப் படுக்கிற ஆசை. காட்டுத் தரையோ எப்போதும் ஈரம், அட்டை வேறு. ஹேமக்தான் சரி என்று ஃபோனில் காட்டினார்: இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, பூச்சி நுழையாத வலையை மேலே இழுத்து மூடிக்கொண்டு படுப்பது. கடையில் வாங்கிவிடலாம் என்றார். எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிற எனக்கு ஒரு நீளத் துணியைத் தைக்கத் தெரியாதா என்று ரோஷம் வந்துவிட்டது.

ரோஷம் தைத்துக் கொடுக்கவில்லை. நைலான் துணி மெஷினில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. குண்டூசி குத்திய இடமெல்லாம் ஓட்டையாகவே நின்றதால் கொடியில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டித் தைத்தேன். பருத்தி நூல் இந்த மலை ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும் என்று பாலியெஸ்டர் நூலுக்கு மாறினேன். இரு முனைகளையும் கயிறு நுழையும் அளவுக்கு மடித்து, தையலுக்கு மேல் தையல் போட்டேன். வலைக்கு ஜிப் வைத்தபோது புத்தி இன்னும் உடுப்பிலேயே இருந்தது. இழுக்கும் நாக்கு வெளிப்பக்கம் மட்டும். தரையில் விரித்து உள்ளே நுழைந்து மூடிப் பார்த்த மனிதர், “நீ தொறந்தாத்தான் நான் வேலைக்குப் போக முடியும்,” என்றார். முழு ஜிப்பையும் பிரித்தேன்.

அடுத்து, வலை ஒரே சீராக விழுகிறதா என்று தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். வெளியே மழை. எங்கள் லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் உத்தரத்தில் தொட்டில் கட்ட ஓர் இரும்பு வளையம் உண்டு. எங்கள் வளையத்தில் வெங்காயக் கூடை தொங்கும். அந்த வளையத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான், ஆனால் வேறு இடமில்லை. கூடையை இறக்கிவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து அந்த ஒரே வளையத்தில் கட்டினேன். வெளிச்சத்துக்காகக் கதவையும் திறந்து வைத்தேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த வீட்டு அக்கா தேயிலைக் கொழுந்து வெட்டிவிட்டுத் திரும்பும் நேரம் அது. எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டுமென்று வருஷா வருஷம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர். வாசலில் நின்று வளையத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் கட்டக் கூடாதும்மா. ஒனக்கு யாரும் சொல்லலையா? எவ்வளவு நாளா கும்பிட்டுக் கெடச்சது.”

முடிச்சு வராமல் பல்லால் கடித்து இழுத்தார். துணி தரையில் விழுந்ததும் இறங்கி வந்து என் காதோடு கேட்டார்.

“எத்தன மாசம்?”

ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், கொஞ்ச நாள் ஓடியிருக்கும். ஆனால் இல்லாத பிள்ளைக்காக அவர் அப்படிப் பயந்ததைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“இது தொட்டில் இல்லக்கா. நாங்க காட்டுல போய்ப் படுக்கறதுக்குத் தச்சது. டாக்டர் இனிமே ஆகாதுன்னு சொல்லிட்டாரு. நாங்களும் விட்டுட்டோம்.”

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ‘பாவம்’ என்று ஒரு வார்த்தை வந்தால் கத்திவிடுவது என்று நான் தயாராக இருந்தேன். அவர் சொல்லவில்லை. சாமியையும் கூப்பிடவில்லை. கீழே கிடந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தையலை முனை வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து மறுபடியும் முக்காலியில் ஏறினார்.

“அப்பக் கட்டலாம்லா,” என்றார். “ஒரு தோஷமும் இல்ல. அந்த முனையக் குடு.”

கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.