சிவக்க மறுத்த நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாகிவிட்டது.

மந்திரம் ஒன்றுமில்லை. கஞ்சி!

விவரமாகச் சொல்கிறேன். யுத்தம் வந்ததிலிருந்து ராஜபாளையம் கடைகளில் கலர் காகிதம் கேட்டால் சிரிக்கிறார்கள். வெள்ளைக் காகிதத்துக்கே வழியில்லை, கலர் வேறா? எங்கள் தெருவில் பலரும் நியூஸ் பேப்பரை ஒட்டியே நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். உள்ளே விளக்கை ஏற்றினால் யுத்தச் செய்தியெல்லாம் பளிச்சென்று படிக்கலாம்.

எங்களுக்கு அது சரிப்படாது. சிவப்புதான் வேண்டும். ஏன் என்றால், என் மதினி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் லீவு. எந்த நாள், எந்த ரயில் — அவருக்கே தெரியாது. அவர் புறப்பட்டுப் போனபோது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் குடியிருந்தோம். எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கிடைத்ததும் மதினியும் நானும் ராஜபாளையம் வந்துவிட்டோம். இந்த வீட்டை அண்ணன் பார்த்ததே இல்லை; அவர் கடிதங்கள்கூட ஆஸ்பத்திரி விலாசத்துக்குத்தான் வரும். 'தெருவில் சிவப்பு நட்சத்திரம் தொங்குகிற வீடுதான் நம்ம வீடு' என்று மதினி அவருக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"கதவு நம்பரை எழுதியிருக்கலாமே மதினி?"

"நம்பர் பாத்து வாரதுக்கு அவிய என்ன தபால்காரரா?"



வேண்டிய சாமான்களை வரிசைப்படுத்தினேன். அப்படிச் செய்யாவிட்டால் எனக்குக் கை ஓடாது. மூங்கில் சிம்பு, சணல், மஞ்சள், சுண்ணாம்பு... காகிதத்துக்குப் பதில் பேண்டேஜ் துணி. அதற்கு நம் பக்கத்தில் பஞ்சமா? இழை விலகியதென்று தறிக்காரர் ஒதுக்கிவைத்த துண்டு சல்லிசாகக் கிடைத்தது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் ஆரத்திச் சிவப்பு. இதைவிட மலிவான கெமிஸ்ட்ரி உண்டா?

துணியைச் சாயத்தில் முக்கி, நிழலில் உலர்த்தி, மூங்கில் சட்டத்தில் இழுத்துத் தைத்தேன். அருமையான சிவப்பு! பக்கத்து வீட்டுச் சீதம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆரத்தி கரைக்கீங்களே, உங்க அண்ணன் வந்தாச்சுன்னு ஓடியாறேன். துணிக்கா சுத்துறீங்க?"

துணி இரண்டு முனைகளில் தொய்ந்திருந்தது. "கஞ்சி தடவினால் விறைத்துக்கொள்ளும் மதினி" என்று சொல்லிவிட்டு, விளக்கு தொங்கவிடக் கம்பி தேடி உள்ளே போனேன்.

"ஏட்டி எஸ்தர்! இங்க ஓடியா! மஞ்சளா ஆவுது!"

மதினியின் கூப்பாடு கேட்டு வந்து பார்த்தால், பிரஷ் போன வழியெல்லாம் மஞ்சள்.

"என்ன கஞ்சி மதினி இது?"

"நேத்து வடிச்சதுதான். அரிசி கெடைக்கிற லட்சணத்துல நட்சத்திரத்துக்குன்னு தனியா உலை வைக்கவா?"

புளித்த கஞ்சி! புளிப்புப் பட்டால் இந்தச் சிவப்பு நிற்காது. நாள் முழுதும் மருந்து கலக்குகிற நான் 'கஞ்சி' என்று சொன்னேனே தவிர, 'புதுக் கஞ்சி' என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் சும்மா 'கஞ்சி' என்றால் நேற்றையதுதானே?

"அவிய செவப்பைத்தான தேடுவாவ? இதைத் தாண்டிப் போயிருவாவளே..." மதினி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு வருஷமாக என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

"சுண்ணாம்பு பட்டால் திரும்பச் சிவக்கும்" என்றேன். உண்மைதான். ஆனால் வீட்டில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. சீதம்மா தன் வெற்றிலைப் பெட்டியையே கொண்டுவந்துவிட்டார்.

"எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க. ஒரு நேரம் வெத்தலை போடலைன்னா எனக்கு ஒண்ணும் ஆயிராது."

தைத்த துணியைப் பிரித்து முக்க நேரமில்லை. சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டுத் தொட்டு வைத்தோம். சிவந்தது — வைத்த இடத்தில் மட்டும். அடுத்த முனைக்குப் போவதற்குள் முதல் முனையில் கஞ்சி ஜெயித்தது. மொத்தத்தில், அம்மை போட்ட நட்சத்திரம்.

"கஞ்சி தடவச் சொன்னது நீதான?"

"நான் சொன்னது புதுக் கஞ்சி!"

"புதுசுன்னு ஒரு வார்த்தை ஒன் வாயில வந்துச்சா? பெரிய மருந்துக்காரி!"

"அங்கே வடியுது பாருங்க, மருந்துக்காரியை அப்புறம் திட்டலாம்!"

இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் குரல் எவ்வளவு தூரம் போயிற்றோ தெரியாது. வாசலில் யாரோ செருமுகிற சத்தம். காக்கிச் சட்டை, தோளில் மூட்டை... அண்ணன்!

"செவப்பு நட்சத்திரத்தைத் தேடித் தெருத்தெருவா அலைஞ்சேன். ஒண்ணையும் காணோம். பொறவு இந்தத் தெருமுனைக்கு வந்தா ஒரு சத்தம் கேக்கு. சரி, இது நம்ம வீடுதான்னு நேரா வந்துட்டேன்."

மதினி திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷம் காத்திருந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"செத்த நேரம் கழிச்சு வாங்க. இன்னும் செவக்கல."

அண்ணன் மூட்டையை இறக்கினார். ஒரு சல்யூட் அடித்தார். நிஜமாகவே திரும்பி நடந்தார்!

தான் சொன்னது மதினிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏட்டி, நெசமாவே போறாவளே!" சுண்ணாம்புக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, சாயம் படிந்த கையோடே ஓடினாள். தெருவே பார்க்கிறதே என்று நினைக்காமல், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சீதம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு அடையாளம் என்று நாம் என்னென்னவோ கட்டித் தொங்கவிடுகிறோம். வருகிறவர்களோ வேறு எதையோ பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

பண்டிகை முழுவதும் எங்கள் நட்சத்திரம் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாகவே எரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணனின் சட்டைக் கையில் மட்டும் மதினியின் ஐந்து விரல்களும் பதிந்து, கலப்படமில்லாத சிவப்பு! நான் இதை எழுதும்போது அவள் அந்தக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

சோப்புப் பட்டால் மஞ்சள் இன்னும் சிவக்கும்... அதை அவளிடம் நான் ஏன் சொல்கிறேன்?