பைக்கு இவ்வளவு

இருபது வருஷமாகக் குப்பைக் கோப்புகளையே கட்டிக்கொண்டு அழுகிற நகராட்சி எழுத்தர் அவர். வீட்டுக்கு இவ்வளவு என்று குப்பை வரி வாங்காமல், போடுகிற பைக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் நியாயம் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி ஜெயித்தார். முதல் மாதமே தெருக்களில் பைகள் பாதியாகக் குறைந்தன. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகத்தைப் பெருக்கும் அக்காவுக்குத்தான் எரிச்சல்.

"குப்பை எங்க சார் குறைஞ்சுது? எல்லாரும் வீட்லேருந்து கொண்டாந்து நம்ம ஆபீஸ் தொட்டியில போடுறாங்க. நாலு நடை அள்ளுறேன்."

"யாருன்னு சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கறேன்."

அவர் மேஜைக்கடியில், சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டிருந்த பையை அக்கா துடைப்பத்தால் தொட்டுக் காட்டினாள்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "சின்னப் பைதானேம்மா."

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."