பிரிக்கக் கூடாத பொட்டலம்

கோர்ட் அமீனா வந்தபோது அம்மா களத்தில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா விஷக் காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. சேலம் ஜில்லா கோர்ட் நோட்டீஸ் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சொம்பு மோரும் வாங்கிக் குடித்துவிட்டு அந்த மனிதர் போனார். யார் வந்தாலும் குரைக்கிற எங்கள் நாய் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மோகனூர் வாத்தியார்தான் படித்துச் சொன்னார். என் ஐந்து வயதுத் தம்பிக்கும் அவன் பங்கு நிலத்துக்கும் தன்னைக் கார்டியனாக நியமிக்கும்படி சித்தப்பா மனுப் போட்டிருந்தார். தாய் பிறந்த ஊரோடு போகப் போகிறாள், மைனரைப் பார்க்க நாதியில்லை என்று எழுதியிருந்ததாம். அம்மா எங்கும் போவதாக இல்லை. எடப்பாடிப் பக்கம் மாமனார் காட்டில் குடியிருந்த சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை, அதுதான் விஷயம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மனுவில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெண்ணை யார் கேட்டார்கள்?

அம்மாவோடு பிறந்த மாமன் வக்கீல் வைத்தார். வக்கீல் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வாய்தா அன்னிக்கு நீங்க நேர்ல வந்து, பிள்ளை என்கிட்டத்தான் இருக்கணும்னு ஜட்ஜ்கிட்டச் சொல்லணும். வரலைன்னா அவங்க பக்கம் தீர்ப்பாயிடும்."

அம்மா நாமக்கல்லைத் தாண்டியதில்லை. அதோடு, துக்க வருஷம் முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டலாமா என்ற பயம் வேறு. கோயில் ஆத்தாளிடம் பூக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் ஆத்தா தடுக்கிறாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிரித்தால் கண் போய்விடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

பூக் கேட்கிற அன்றைக்குப் பார்த்து, சித்தப்பாவின் பெண்டாட்டி, எங்கள் சின்னம்மா வந்து நின்றாள். தம்பிக்கு முறுக்கு, எனக்கு ரிப்பன். "வழக்கு ஆம்பளைங்க பாடுங்க அக்கா. நமக்குள்ள என்னங்க?" என்றாள். அம்மாவும் கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டாள்.

ஆற்றங்கரைக் கோயிலில் அம்மா பூவை எடுக்கக் கை நீட்டியதும் பூசாரி தொண்டையைக் கனைத்தார். தாலியறுத்த கை பூவைத் தொடக் கூடாது. அம்மா சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் கட்டறனுங்க அக்கா" என்று சின்னம்மா பூவையும் இலையையும் வாங்கிக்கொண்டு விளக்குத் தூணுக்குப் பின்னால் போனாள். எதிராளியின் பெண்டாட்டி கட்டுகிறாளே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆத்தா முன்னால் யார் சூது செய்வார்கள்?

நான் எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

மற்றதை ஆற்றில் விட என்னைத்தான் அனுப்பினார்கள். படித்துறையில் யாரும் இல்லை. தண்ணீரில் போடப் போனவள், வெள்ளைப் பூவை ரிப்பனோடு வைத்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று, கண் போகும் என்பதையும் மறந்து, பொட்டலத்தின் நாரை அவிழ்த்தேன். அதிலும் சிவப்பு.

அப்படியே தண்ணீரில் கொட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தால் இருட்டாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். திறந்தேன், ஆறு தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே கண் போகும் என்று பயந்தேன்.

வாய்தா அன்று மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் மன்றாடினார். "ஆத்தா வேண்டாம்னுட்டா. மீறிப் போனா பையனுக்கு ஆவுமா?" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தம்பி புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் தீர்ப்புக் காகிதத்தோடு சித்தப்பா வந்தார். முறுக்குத் தருவார்கள் என்று தம்பி சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

இரண்டு வருஷம் கழித்து ஊர் நோன்புத் திருவிழாவுக்கு அவனைக் கூட்டி வந்தார்கள். வளர்ந்திருந்தான். வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "பெரியம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றான். அம்மா கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணையே வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாமி" என்றாள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஊசியில் நூல் கோக்கக்கூட இன்றுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. கண் அவ்வளவு நன்றாகத் தெரிகிறது.