காதுக்காரருக்குக் கேட்காத தட்டல்

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொன்னார்கள். பழைய அமெரிக்கக் கார்களின் எஞ்சினைப் பிரித்து, சரிசெய்து, திரும்பப் பூட்டுவது அவர் தொழில். பூட்டி முடித்த எஞ்சின் முதல்முறையாக ஓடும்போது, சுத்தியல் பிடிக்காகக் கடைந்த ஒரு குச்சியை எடுப்பார். ஒரு நுனி எஞ்சின்மேல், மறு நுனி காதுக்கு முன்னால் உள்ள எலும்பின்மேல். அப்படியே குனிந்து ஒவ்வொரு சிலிண்டராக நகர்ந்துகொண்டு போவார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

“ஒருத்தன் டேப்பட் சத்தமோன்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கும் டேப்பட்தான் கேக்கும். உங்க சந்தேகத்த என் காதுல ஊத்தாதீங்க” என்பார்.

கடைசியில் நிமிர்ந்து “சரி” என்றால் சரி. உதட்டைப் பிதுக்கினால் எஞ்சின் மறுபடி கீழே இறங்கும்.

படிப்பைப் பாதியில் விட்டவர். பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருந்த ஒரு பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவத்தான் முதலில் சேர்ந்தார். அங்கே யாரும் அவருக்கு எதையும் சொல்லித்தரவில்லை. கழுவிய சாமான் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அமெரிக்க எஞ்சின் என்றால் மற்றவர்கள் “யானையைக் கட்டி யார் தீனி போடறது” என்று ஒதுங்கினார்கள். ஒதுங்கியதெல்லாம் இவர் கைக்கு வந்தது. தனிப்பட்டறை போட்டபோது மனைவியின் தம்பியும் வந்து சேர்ந்தார். தகர வேலையும் பெயிண்டும் மச்சானுடையது, எஞ்சின் இவருடையது.

காது மெல்லத்தான் போனது. முதலில் போனது வால்வைத் திறந்து மூடும் டேப்பட்டின் டிக் டிக். போனது அவருக்குத் தெரியவில்லை. எஞ்சின்கள் முன்பைவிட அமைதியாக ஓடுவதுபோலப் பட்டது. கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும், அவருக்கு முகம் சூடாகிவிடும்.

வீட்டில் மறைக்க முடியவில்லை.

“பக்கத்து வீட்டுல டிவி வாங்கவே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம். நம்ம வீட்டுதே போதுமாம்” என்றாள் மனைவி.

“எஞ்சின் சத்தத்துல இருந்துட்டு வர்றேன். கொஞ்ச நேரம் காது அடைச்சிருக்கும்.”

“எங்க அம்மா வீட்டப் பத்தி ஏதாவது சொன்னா மட்டும் அடைப்பு விட்டுடுது.”

ஒருநாள் காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த டிரைவர் ஒருவர் நின்றிருந்தார். அப்படியே திரும்பி வந்து, டாக்டர் லீவு என்றார்.

“டாக்டருக்கு லீவா, உங்களுக்கு லீவா?”

கேட்காததுபோல இருந்துவிட்டார். அது மட்டும் இப்போது சுலபமாக வந்தது.

இந்த நிலையில்தான் வண்டிக்காரம்மா வந்தார். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அப்பா விட்டுப்போன அமெரிக்கக் கார் அவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் நீள எஞ்சின். அந்த மாதிரிக் கார்கள் இன்று எங்கே ஓடினாலும் வயிற்றுக்குள் இருப்பது டீசல் எஞ்சின்தான். இதில் மட்டும் தொழிற்சாலையில் வைத்த எஞ்சினே இருந்தது. கார் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போயின. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கை ஒருமுறைகூடக் கடைசலுக்குக் கொடுத்ததில்லை.

“எல்லாரும் இதத் தூக்கிப் போட்டுட்டு டீசல் வையுங்கன்னாங்க. உங்கள நம்பித்தான் வந்திருக்கேன், மேஸ்திரி. இது போச்சுன்னா வேற கிடையாது” என்றார் அவர்.

“போகாதும்மா” என்றார் காதுக்காரர்.

இன்றைய வண்டிகள்போல இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடுகளுக்குக் கடையில் பேரிங் வாங்கிப் போட முடியாது. வெள்ளை மெட்டலை உருக்கி ராடிலேயே ஊற்றி, கடைந்து, பிறகு கையால் சுரண்டிச் சுரண்டிக் கிராங்கோடு பொருத்த வேண்டும். ஊற்றிக் கடைந்தது பக்கத்துத் தெரு லேத்துக்காரர். வந்த ராடுகளைச் சோதித்தது இவர். ராடைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். மெட்டல் இரும்போடு நன்றாக ஒட்டியிருந்தால் மணிபோல ஒலிக்கும். ஒட்டாவிட்டால் மொத்தென்று கேட்கும். அவர் எட்டையும் தட்டினார். எட்டும் மொத்தென்றுதான் கேட்டன. எட்டும் ஒரே மாதிரி தப்பாகுமா, தன் காதுதான் இன்று மந்தம் என்று எண்ணிக்கொண்டு பூட்டிவிட்டார். மச்சான் அங்கேதான் கதவுக்குப் பெயிண்ட் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்ல வாய் வரவில்லை.

எஞ்சின் ஓடிய அன்று வண்டிக்காரம்மாவும் வந்திருந்தார். காதுக்காரர் குச்சியை வைத்தார். யாரோ போர்வைக்குள் பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு. எட்டிலும் அதே முணுமுணுப்பு. வித்தியாசம் இல்லையென்றால் குறை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். புகை கண்ணில் பட்டிருக்கும்.

“பட்டு மாதிரி ஓடுது” என்றார்.

வண்டிக்காரம்மா தயங்கினார். “தப்பா நினைக்காதீங்க மேஸ்திரி. உள்ள ஏதோ தட்டுற மாதிரி இல்ல?”

தட்டுகிறது என்ற சொல்லை அந்த அம்மாவின் உதட்டிலிருந்து படித்தார். குச்சியை மச்சானிடம் நீட்டி “நீ கேளு” என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போய்விட்டது.

“சத்தம் கேக்குறது வேற, எஞ்சின் கேக்குறது வேறம்மா. நீங்க கணக்கு டீச்சர். உங்க கணக்குல நான் வந்து கை வெச்சேனா?”

அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க. தெரியாம கேட்டுட்டேன்” என்றார்.

மறுநாள் காரை அந்த அம்மாவே ஓட்டினார். காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டிச் சாலை மேடேறும் இடத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் எஞ்சினைக் கைகாட்டி ஏதோ கத்தினார். காதுக்காரர் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆட்டினார்.

“பாத்தீங்களாம்மா, வண்டியப் பாத்து ஊரே சந்தோஷப்படுது.”

வண்டிக்காரம்மா காரை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி நிறுத்தினார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

“அவர் சந்தோஷப்படல, மேஸ்திரி. வண்டி அடிக்குது நிறுத்துங்கன்னு கத்துனார். உங்களுக்குக் கேக்கலியா?”

“கேட்டுது, கேட்டுது. அந்த ஆளுக்கு என்ன தெரியும்? ஸ்டார்ட் பண்ணுங்க, பாத்துடலாம்.”

இறங்கினார். இறக்கைபோலப் பக்கவாட்டில் திறக்கும் பானட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் குச்சியை வைத்தார். முணுமுணுப்புத்தான். இன்னும் குனிந்தபோது பானட் நழுவியது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குச்சியின் நுனியைச் சட்டென்று பல்லில் கடித்துக்கொண்டார். மறு நுனி எஞ்சினில் ஊன்றியிருந்தது.

டொக். டொக். டொக்.

தாடை வழியாக மண்டைக்குள் ஏறியது. கதவைத் தட்டுவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

எஞ்சின் நின்றது. வண்டிக்காரம்மா இறங்கி வந்து அவர் முகத்தையே பார்த்தார். அப்போதும் அவர் சொன்னது இதுதான்: “மெட்டல் போயிடுச்சும்மா. இப்ப, மேடு ஏறும்போது போயிருக்கு.”

பட்டறைக்கு இழுத்து வந்து எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சட்டியைக் கழற்றினார்கள். ஆயிலில் வெள்ளை மெட்டல் ஜரிகைத்தூள்போல மின்னியது. ஆறாவது ராடில் மெட்டல் பெயர்ந்து போயிருந்தது. அது உட்காரும் கிராங்கில் ஒரு கோடு. விரலால் தடவினால் நகம் மாட்டியது. இனி அதைக் கடைந்துதான் ஆகவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு இனி அந்தக் கிராங்குக்கு இல்லை.

மச்சான் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

“உனக்குக் கேட்டுச்சா?” என்றார் காதுக்காரர்.

“கேட்டுச்சு மாமா.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான். நீங்க சரின்னு சொன்னதும் எனக்குத்தான் காது கெட்டுப்போச்சோன்னு நெனச்சுட்டேன். வீட்டுக்குப் போய் பட்ஸ் போட்டுக் காதக் கொடைஞ்சேன் மாமா.”

சிரிக்க வேண்டிய பேச்சு. இருவரும் சிரிக்கவில்லை.

“சொல்லியிருக்கலாம்லடா.”

“நீங்க சொல்ல விட்டாத்தானே?” பிறகு மச்சான் கிட்டே வந்து, வாயசைவு தெரியும்படி நிறுத்திச் சொன்னார். அதிலிருந்தே மச்சானுக்கு எல்லாம் தெரியும் என்று காதுக்காரருக்குப் புரிந்தது. “லேத்துக்காரர் ஊத்துனது ஒட்டல. அதச் சொல்லிடலாம் மாமா. பொய்யும் இல்ல.”

பொய் இல்லைதான். அதுதான் அன்று முழுவதும் அவரைத் தின்றது. ஒட்டாத மெட்டலைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தட்டல். தட்டியவர் அவர்.

மறுநாள் அவர் சட்டை மாட்டும்போது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

“தம்பி சொன்னான். போய் அந்த அம்மாகிட்ட உள்ளதச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. இப்பல்லாம் நீங்க ரகசியம் பேசுனாலும் தெரு முனையில திரும்பிப் பாக்குறாங்க.”

வண்டிக்காரம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். மரக்கட்டைகள்மேல் கிடத்தியிருந்த கிராங்கின்மேல் குனிந்து, அந்தக் கோட்டில் நகத்தை வைத்துப் பார்த்தார். முதுகைக் காட்டியபடி ஏதோ கேட்டார். காதுக்காரர் பேசாமல் நின்றார். அவர் மறுபடி கேட்டார். மச்சான் பதில் சொல்ல வாயெடுத்தார். காதுக்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க. எனக்குக் காது கேக்காது.”

அவர் திரும்பினார்.

“ரொம்ப நாளாவே கேக்கல. எல்லார்கிட்டயும் மறைச்சுட்டேன். மெட்டல் மேட்டுல போகல. முதல் நாளே தட்டுச்சு. நீங்க சொன்னது சரி. ராடப் பூட்டறதுக்கு முன்னாடியே நான் கண்டுபிடிச்சிருக்கணும். லேத்துக்காரர் மேல தப்பு இல்ல.” குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

வண்டிக்காரம்மா கிராங்கை விட்டு நகர்ந்து அவர் முன்னால் வந்து நின்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“அன்னைக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்ல? அத நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“சரிம்மா.”

“காது போனதுக்குக் கோபம் இல்ல. எனக்குக் கேட்டதை இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததும் அந்த அம்மாவின் வாய் தெரியாமல் போயிற்று. அடுத்து என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள மறுபடி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

“எஞ்சின நீங்களே பூட்டுங்க. கேக்குறத நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேன்.”

கிராங்கைக் கடைந்து, ஆறாவது ராடுக்கு மெட்டல் ஊற்றினார்கள். இந்தமுறை ஒவ்வொரு ராடையும் மச்சான் தட்டினார், லேத்துக்காரரும் தட்டினார். காதுக்காரர் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சினைத் திரும்ப ஓட்டிய நாளில் பட்டறை சந்தைபோல இருந்தது. மச்சான் ஒரு பக்கம், லேத்துக்காரர் ஒரு பக்கம், நடுவில் வண்டிக்காரம்மா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். லேத்துக்காரர் இல்லை என்று கையை ஆட்ட, வண்டிக்காரம்மா விடாமல் ஒரு சிலிண்டரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எந்த வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் காதுக்காரர் சாவியில் கை வைத்தபடி நின்றார். சண்டை முற்றியதும், பழக்கம் போகாமல், மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காதுக்காரருக்குக் கழுத்துவரை சூடேறியது.

“என்னப் பாக்காதீங்க. ஓடட்டுமா, நிறுத்தட்டுமா? அத மட்டும் சொல்லுங்க.”

மூவரும் மறுபடி குனிந்தார்கள். சற்றுப் பொறுத்து மச்சான் தலையைத் தூக்கி, அவர் பார்க்கும்படி வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார்: “ஓடட்டும் மாமா.”

சாவியில் வைத்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.