பிலோமினா சிஸ்டர் மட்டம் பார்த்த நிலம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும் இருக்கும். 'ழ' எனக்கு இன்னும் சரியாக வளையவில்லை. வரிகளும் மேலே தொடங்கிக் கீழே இறங்கிவிடுகின்றன. தலை முழுக்க நரைத்த பிறகு முதியோர் கல்வி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து இது. சிஸ்டரைப் பற்றி எழுதித் தரச் சொன்ன ஃபாதர், "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் எழுத்து வந்த பிறகு வாயால் சொல்லி அடுத்தவரை எழுதவைக்க எனக்கு மனமில்லை. எழுத எழுத எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எழுத வேண்டிய சேதிதான் இப்படி வந்து வாய்த்தது.

அந்தச் சேதி எனக்கு வந்த விதத்தைக் கேளுங்கள். கடத்தூர் சந்தைக்குப் போய்விட்டு மடத்து ஆஸ்பத்திரி வழியாக வந்துகொண்டிருந்தேன். கேட்டில் தொங்கும் கரும்பலகையில் ஏதோ எழுதியிருந்தது. இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். பஸ்ஸில் எழுதியிருப்பது, உர மூட்டையில் எழுதியிருப்பது, எதையும் விடுவதில்லை. "பி, லோ, மி, னா" என்று சத்தமாகவே கூட்டிப் படித்தேன். நமக்குத் தெரிந்த பெயரை நாமே படித்துவிட்டோம் என்று அப்படி ஒரு பூரிப்பு. அதே பூரிப்போடு கீழே இருந்த வரியையும் படித்தேன். "பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார்." படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது. யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் அறிவிப்பு இதுதான். அம்மணி எதிலும் என்னைச் சும்மா விட்டதில்லை. இதிலும் விடவில்லை.

சிஸ்டரின் நினைவுக் கூட்டத்தில் ஃபாதர் இதைப் படிக்கும்போது அவரை அறிந்தவர்கள்தான் கேட்கப் போகிறீர்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, கன்னியாஸ்திரியாகி, நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டவர். நல்லவர், பொறுமைசாலி என்று மற்றவர்கள் பேசுவார்கள். பேசட்டும். நான் அவரிடம் வேலை செய்தவன். அவரைப் போல மனிதனின் உயிரை வாங்குகிற இன்னொருவரை நான் கண்டதில்லை.

ஒரு வருடம் என் வீட்டுக்காரி சாலம்மா நிலக்கடலை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. ஊன்றினால் வலி, வலியினால் பயம். மாசக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தாள். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து யாரோ தர்மமாக அனுப்பிய பெரிய பெட்டி ஒன்று லாரியில் வந்து ஆஸ்பத்திரியில் இறங்கியது. உள்ளே வளைந்த தகரங்கள், போல்ட்டுகள், மடித்து வைத்த நீல பிளாஸ்டிக் விரிப்பு. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் வட்டத் தொட்டி. பள்ளம் தோண்ட வேண்டாம், தரைமேலேயே நிற்குமாம். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் குறையும், வாதம் வந்த கால்களைப் பழக்கலாம் என்றார் சிஸ்டர். அதோடு நிறுத்தாமல் என் வீட்டுக்கே வந்தார்.

"மாதையண்ணா, புள்ளைங்களுக்குன்னு வந்த தொட்டி. சாலம்மாவும் அதுல எறங்கட்டும். ஆனா தொட்டி வெக்கறதுக்கு எடம் ஒரே மட்டமா இருக்கணும். களம் செய்யறதுல உங்க கைதான் கைன்னு ஊரே சொல்லுது. வர்றீங்களா?"

"அது என்னங்க பெரிய வேல, ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்தர்றேன் சிஸ்டரம்மா" என்றேன். அந்த வாயை என்ன செய்வது.

ஆஸ்பத்திரிப் புறக்கடை ஓடையைப் பார்த்துச் சரிந்த நிலம். நானும் கொத்து வேலை செய்யும் முனுசாமி மேஸ்திரியும் போனோம். பள்ளமான பக்கத்தில் நாலு கூடை மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தீர்ந்தது என்று ஆரம்பித்தோம். சிஸ்டர் வந்து பார்த்தார். கொட்டிய மண்ணை எல்லாம் அள்ளச் சொன்னார். கொட்டின மண் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும், அதனால் மேட்டை வெட்டித்தான் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். கடப்பாரைக்கே பல் கூசும் செம்மண் அது. முனுசாமி என் காதில், "இந்தம்மா சாமியாரிணி ஆவாம இருந்தா எந்தப் பாவிக்கு வாச்சிருக்குமோ" என்றான்.

வெட்டும்போது கோரைக்கிழங்கு வந்தது. சும்மா இருக்காமல் நான், "இது லேசுப்பட்டதில்லீங்கம்மா, உங்க பிளாஸ்டிக்கையே குத்திக்கிட்டு மேல வரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என் அறிவைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, வட்டத்துக்குள் ஒரு கிழங்கு மிச்சமிருக்கக் கூடாது என்று எங்கள் இருவரையும் குந்தவைத்துக் கையாலேயே பொறுக்கவிட்டார். அதற்குப் பிறகு நான் அவருக்கு எந்தத் தகவலும் சொல்லவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வாட்டம்தான் என்னை வாட்டி எடுத்துவிட்டது. களம் செய்கிறவர்களுக்குத் தெரியும். களத்தைத் தட்டையாகச் செய்தால் மழைத் தண்ணீர் நின்று தானியம் முளைத்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சரித்து வாட்டம் விடுவோம். அறுபது வயதுவரை அப்படியே செய்த கை. ஆனால் தொட்டிக்கு வாட்டமே கூடாது. சரிவிருந்தால் தண்ணீர் முழுக்கத் தாழ்ந்த பக்கத்துத் தகரத்தின் மேல் சாய்ந்து பிதுக்கிவிடும். பெட்டியோடு வந்த படத்தில் சாய்ந்து நிற்கும் தொட்டி மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது. சிஸ்டர் அதை என் கண்ணெதிரே சுவரில் ஒட்டிவைத்தார், எனக்கு எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும் என்று.

நான் செய்து முடித்துக் கூப்பிடுவேன். அவர் தண்ணீர் அடைத்த கண்ணாடி மாதிரியான ரப்பர் குழாயோடு வருவார். ஒரு முனையை வட்டத்து ஓரத்தில் நட்ட குச்சியில் பிடிப்பார், மறு முனையை முனுசாமி எதிர்ப்பக்கத்துக் குச்சியில் பிடிப்பான்; இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால்தான் மட்டம்.

"என்னண்ணா, மறுபடியும் வாட்டம் உட்டிருக்கீங்க?"

"இல்லீங்கம்மா. தட்டையாத்தான் கெடக்குது."

"அது உங்க நெனப்பு. தண்ணி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

தண்ணீர் ஒரு நாளும் என் பக்கம் பேசவில்லை. வேண்டுமென்றே நான் செய்யவில்லை. கவனமாகத் தட்டையாக்குவேன், கடைசியாகக் கை பூசி முடிக்கும்போது அதுவே கிழக்கே இறக்கிவிடும். "அம்மா, இது கை செய்யற வேலைங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினேன். "அப்போ கைகிட்ட சொல்லுங்க, இது களம் இல்லேன்னு. எங்கப்பாவும் களத்துக்கு வாட்டம் உட்டவருதான்" என்றார் அவர்.

கடைசியில் ஒரு விரல்கடை வித்தியாசம்தான் இருந்தது. போதும் என்று முனுசாமியும் நானும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, தகரத்தை நிறுத்தி, விரிப்பைப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சினை ஓட்டினோம். மழை பொய்த்த வருடம். கிணற்றில் ஒரு தடவை நிரப்பத்தான் தண்ணீர் இருந்தது. அது மறுபடி ஊற எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஊர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாலம்மாவை அன்றைக்குத்தான் சம்மதிக்க வைத்திருந்தேன். "இந்த வயசுல தண்ணியில எறங்கி ஆட்டம் போடறதா, மானம் போவுது" என்று அழுதவள், பழைய சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டிலோடு தூக்கிவரச் செய்து, புறக்கடையில் காத்துக்கொண்டிருந்தாள்.

முழங்கால் உயரம் ஏறியதும் சிஸ்டர் மரஸ்கேலை எடுத்துச் சுற்றிச் சுற்றி அளந்தார். பிறகு இஞ்சினை நிறுத்தச் சொன்னார். "தண்ணிய எறக்கிருங்க. கீழ்ப்பக்கம் தகரம் பிதுங்குது."

ஒரு பெரிய மனுஷி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "ஒரு வெரக்கடைக்கா? எம்பொண்டாட்டி மறுபடி கட்டில வுட்டு எறங்க ஒத்துக்குவாளா? கெணத்துல தண்ணிக்கு எங்க போவீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. "முழுசா நெரம்புன அப்புறம் இது ஒடஞ்சா உள்ள இருக்கறது யாருங்கண்ணா? உங்க சாலம்மாவும் இந்தப் புள்ளைங்களும். சொல்லுங்க, இஞ்சின போடச் சொல்றேன்."

ஊர்ப் பெண்களைக் குடத்தோடு வரச்சொல்லி அவரே மொண்டு ஊற்றினார். திட்ட வந்தவர்கள் குடம் நிறைந்து திரும்பினார்கள். சாலம்மாவைக் கட்டிலோடு திருப்பித் தூக்கிவந்தோம். வழியெல்லாம் அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே என் வீட்டுக்கு வந்து என்னைப் புறக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே தகரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வட்டத்தின் நட்டநடுவில் ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் நீளப் பலகை ஒன்றைச் சுழலும்படி மாட்டி, பலகையின் மேல் ரசமட்டம் வைத்திருந்தார். கையைத் தரையில் வைக்கவே கூடாதாம். நானும் முனுசாமியும் பலகையை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும்; மேடான மண்ணை அதுவே வழித்துவிடும். நெற்கதிரை மிதிக்க மாடுகளைச் சுற்றவிடுவோமே, அந்தக் கதிதான் எங்களுக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள், "சிஸ்டரம்மா, கெழட்டு மாடு நிக்குது, ஓட்டுங்க!" என்று சிரித்தார்கள். "வாய கட்டாம உட்டது தப்பாப் போச்சு, அதான் மொனவுது" என்றார் சிஸ்டர். பிறகு சலித்த ஆற்றுமணலைப் பரப்பி, கட்டையால் இடித்து, மறுபடி சுற்றினோம். அவர் குழாயைப் பிடித்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றது. அவர் குழாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, நானே பார்க்கும்படி விட்டார். பிறந்ததிலிருந்து வாட்டம் இல்லாத நிலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிணறு ஊறும்வரை காத்திருந்து நிரப்பினோம். பெண்கள் இறங்கும் இடம் என்று சுற்றிலும் தென்னையோலைத் தட்டி கட்டியாகிவிட்டது. கட்டியவன் நான், என்னையே வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். உள்ளே சாலம்மா மாட்டேன் என்று அழுவது கேட்டது. பிறகு 'தொபீர்' என்று ஒரு சத்தம். சிஸ்டர் தன் வெள்ளை உடுப்போடு தானே முதலில் இறங்கிவிட்டாராம். உடுப்பு தண்ணீரில் குடை மாதிரி விரிந்து மிதந்ததாம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒரு சிரிப்பு கேட்டது. சாலம்மாவுடையது.

"வா சாலம்மா. புடிச்சுக்கோ. கால ஊனு. வலிக்குதா?"

"பயமா இருக்குதுங்க."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

"நான் கைய உட்டு ரொம்ப நேரமாச்சு."

அதற்குப் பிறகு தட்டிக்கு உள்ளே தண்ணீர் அடி அடியாக அலம்பும் சத்தம்தான் கேட்டது. நான் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கை தட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மட்டம் செய்தவன் நான், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

சில வருடம் கழித்து விரிப்பு வெயிலில் நைந்துபோயிற்று. தகரம் ஆஸ்பத்திரி விறகுக் கொட்டகைக்குக் கூரையாயிற்று. சிஸ்டரும் முடியாமல்போய்ப் பெங்களூர் மடத்துக்குப் போனார். பஸ் ஏற்றிவிடப் போன என்னிடம், "கைநாட்டு வெச்சுக்கிட்டே காலத்த ஓட்டாதீங்கண்ணா, எழுதக் கத்துக்கிட்டு எனக்கு ஒரு காயிதம் போடுங்க" என்றார். போகிறபோதும் ஒரு வேலை. கற்றுக்கொண்டேன். காகிதம் போடலாம் என்று எழுத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். நேராகும்வரை அவர் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் என்னைக் காக்கவைத்தவர், இதற்கு மட்டும் காத்திருக்கவில்லை.

அந்தப் புறக்கடையில் இப்போது மழை பெய்தால் எல்லாப் பக்கத்துத் தண்ணீரும் ஓடைக்கு ஓடிவிடும். அந்த வட்டத்தில் மட்டும் ஒரு விரல் தண்ணீர் அசையாமல் நிற்கும். வேலை தெரியாதவன் எவனோ செய்த தரை என்று வருகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். மழை விட்டதும் ஒரு நடை போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று ஃபாதர் எழுதச் சொன்னார். அந்தத் தண்ணீர்தான். பிறகு இன்னொன்று.

இதை நான் எழுதத் தொடங்கியதிலிருந்து அது என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. என்னைவிட முன்னால் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட திமிர் அவளுக்கு. வகுப்புக்கு நடந்து போகும்போதும் எனக்கு முன்னால்தான் நடக்கிறாள். இப்போது தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "என்னங்க இது, வரியெல்லாம் ஒரு பக்கமா எறங்குது. மறுபடியும் வாட்டம் உட்டுட்டீங்க."

சிஸ்டர் இருந்தால் இந்தத் தாளை வாங்கியிருக்க மாட்டார். அதனால் இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கோடு போட்ட நோட்டு வாங்கி, இதையே முதலிலிருந்து நேராக எழுதித் தருகிறேன். நேரமாகும், நீ உட்கார் சாலம்மா என்றேன். "நீங்க எழுதுங்க, நான் நின்னுக்கிட்டே படிச்சுக்கறேன்" என்கிறாள்.