சார் இருக்கார்

நூற்பாலை அலுவலகத்தின் தொலைபேசி அறையில் இரண்டே நாற்காலிகள். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே மிளகளவு விளக்கு. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் விளக்கு எரியும். ஒயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அவருடைய துளையில் செருகவேண்டும். இடப்பக்க நாற்காலி ஆமென் அக்காவுடையது, வலப்பக்கம் என்னுடையது. ஒன்பது வருடம் அப்படித் தோள் உரச உட்கார்ந்திருந்தோம். சூடான ஒயர் வாசனை எங்காவது வந்தால் இன்றும் எனக்கு வலது காது குறுகுறுக்கிறது.

'ஆமென்' என்ற பெயர் தட்டச்சுப் பிரிவு வைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்முன் அக்கா கண்ணை மூடுவார். பின்னாலிருந்து யாராவது "ஆமென்!" என்று உரக்கச் சொல்லி முடித்துவைப்பார்கள். அக்கா கண்ணைத் திறந்து, "அவசரப்பட்டுட்டீங்களே, இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு" என்பார்.

அவரைப் பெரிய புனிதை என்று சொல்ல நான் வரவில்லை. மூக்கால் பாடுவார். பென்சில் இடம் மாறினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஆனால் அந்த நாற்காலியை அவர் நேசித்தார். வழக்கமாக அழைப்பவர்களை இருமலை வைத்தே அடையாளம் சொல்வார். மழை நாளில் கரகரக்கும் லைனில்கூட அவர் காதுக்கு எல்லாம் கேட்கும். அந்தக் காதுக்காகத்தான் மேனேஜர் அவரை விட்டுவைத்திருந்தார்.

மேனேஜரிடம் ஒரு பழக்கம். பேசப் பிடிக்காதவர் அழைத்தால், "நான் இல்லைன்னு சொல்லு" என்பார். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். அக்காவும் நானும் பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறோம், தும்மல் போல யோசிக்காமல்.

ஒன்பதாம் வருடம் ஒரு பெரியவர் தினமும் பத்து மணிக்கு அழைக்க ஆரம்பித்தார். அவர் மகன் எங்கள் ஆலையில் ஃபிட்டராக இருந்து, விலகி வேறு ஆலைக்குப் போக இருந்தான். அங்கே அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். போட்டி ஆலைக்குப் போகிறானே என்ற கோபத்தில் மேனேஜர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். பெரியவருக்கு நாங்கள் தினமும் ஒரே பதிலைச் சொன்னோம். ஒருநாள் அவர் அக்காவிடம், "நீங்க சொன்னா சரிம்மா. உங்க குரலைக் கேட்டாலே நம்பத் தோணுது" என்றார்.

அக்கா ஒயரை உருவினார். அன்று முழுக்கப் பாடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு விளக்கு எரிந்தது. அக்கா மேனேஜரிடம், "சார், பெரியவர் லைன்ல இருக்கார்" என்றார்.

"இல்லைன்னு சொல்லும்மா."

"அதைச் சொல்ல முடியாது சார். இப்போ பேச முடியாதுன்னு வேணா சொல்றேன்."

"அப்போ எப்போ பேசலாம்னு கேப்பாரே?"

"கேப்பார் சார்."

மேனேஜர் எழுந்து வந்தார். எங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். அங்கே நின்றுகொண்டு கைகளை விரித்தார். "இப்போ பாரு. நான் என் ரூம்ல இருக்கேனா? இல்லையே. சார் ரூம்ல இல்லைன்னு சொல்லு. பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அக்கா உண்மையிலேயே ஒரு கணம் யோசித்தார். "உங்க கால் எங்கே இருக்குன்னு அவர் கேக்கலையே சார்" என்றார்.

தட்டச்சுப் பிரிவில் அத்தனை விசைகளும் நின்று, பிறகு சிரிப்பு வெடித்தது. மேனேஜரின் காது சிவந்தது.

ஆனால் அவர் கெட்டிக்காரர். மறுநாளே ஓர் ஏற்பாடு செய்தார். அவருக்கு வரும் அழைப்புகளை எல்லாம் இனி என் பக்கம் திருப்பிவிட வேண்டும். "சாமி லைன் அந்தப் பக்கம், ஆசாமி லைன் இந்தப் பக்கம். எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அக்காவின் சபைப் போதகர்கூட, ஆண்டவர் வழி திறந்துவிட்டார் என்று மகிழ்ந்தாராம். மூன்று வாரம் அக்கா மறுபடி மூக்கால் பாடினார். நான் தினமும் பெரியவரிடம், "சார் இல்லீங்க" என்றேன்.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, உங்க வாய் சுத்தமா இருக்கணும்னு என் வாயை அழுக்காக்கிட்டீங்க."

"நானா சொல்லச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. நீங்க சொல்லாததாலதான் நான் சொல்றேன். உங்க ஆண்டவர் கணக்குல இது யார் பொய்?"

வாதத்தில் ஜெயிக்கும் ஆசையில்தான் கேட்டேன். அக்கா அடுத்த விளக்குக்கு ஒயரைச் செருகினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை அவர் கணவர் வாசலுக்கு வந்திருந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், எதையும் வேடிக்கையாகவே பேசுவார். பேருந்து நிறுத்தம் வரை மூவரும் நடந்தோம்.

"உங்க அக்கா நாளைக்கு மேனேஜர்கிட்ட போய் அந்த ஏற்பாடே வேண்டாம், எல்லா அழைப்பும் எனக்கே வரட்டும்னு சொல்லப்போறாளாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கறா" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "வாயைத் திறந்து பொய் சொல்லவேண்டாம். யாராவது கேட்டா தலையை மட்டும் ஆட்டிடேன்" என்றார்.

"போன்ல தலையாட்டினா யாருக்குத் தெரியும்?"

"அதான் சொல்றேன், யாருக்கும் தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் விடவில்லை. "எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னும்தானே எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு. அதனாலதான் ஒன்பது மணி வேலைக்கு எட்டே முக்காலுக்கு வரேன். அவர் சொல்ற மத்ததெல்லாம் செய்யறேன். இது ஒண்ணுல அவருக்கும் மேல ஒருத்தர் இருக்கார். ஆம்னா ஆம், இல்லைன்னா இல்லைன்னு சொல்லச் சொன்னவர், என்னை மட்டும் தப்பிச்சு ஓடிக்கோன்னு சொல்லல."

"சீட் போயிடும்."

"தெரியும்." அந்த நாற்காலியை விட்டால் என்ன வேலை கிடைக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் மேனேஜர் கத்தவில்லை. "கிடங்குக்குப் பக்கத்துல தபால் அறை காலியாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான். ஜன்னல் இல்லாத அறை. கவர் ஒட்டி, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தவேண்டும். மனிதக் குரலே வராத இடம். அக்கா ஹெட்போனைத் துணியால் துடைத்துவைத்துவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நான் நிமிர்ந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். பத்து மணிக்கு விளக்கு எரிந்தது, நான் "சார் இல்லீங்க" என்றேன். மறுநாளும் சொன்னேன். மதியம் தபால் அறைக்குப் போய் அக்காவோடு சாப்பிடுவேன். "இன்னிக்கும் சொல்லிட்டேன்கா" என்றால், "நானும் எத்தனை வருஷம் சொன்னவதானே. சாப்பிடு" என்பார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்தாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. துணிச்சல் எதுவும் வரவில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் போயிருந்தது. "சார் இருக்கார். உங்ககூடப் பேச மாட்டேங்கிறார்" என்றேன்.

பெரியவர் குரல் உயர்ந்தது. "இருக்காரா! அப்போ நேர்லயே வந்துடறேன்மா."

வந்தார். மேனேஜர் அறை வாசலில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜர் சாப்பிடப் போனபோது எழுந்து வணங்கினார், திரும்பி வந்தபோதும் எழுந்து வணங்கினார். நாலு மணிக்குச் சான்றிதழ் கையெழுத்தாகிவிட்டது.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. பலகையைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம், என்னையும் அனுப்பிவிட்டால் ஆலையே ஊமையாகிவிடும். மேனேஜர் முறைத்ததோடு சரி. அதன்பின் இல்லை என்று சொல்லும்படி என்னிடம் கேட்கவும் இல்லை, அக்காவைத் திரும்ப அழைக்கவும் இல்லை. ஓய்வு பெறும்வரை பதினோரு வருடம் அக்கா அந்த ஜன்னலில்லாத அறையில் முத்திரை குத்தினார்.

உண்மைக்குப் பலன் உண்டு என்று இதை வைத்துச் சொல்ல எனக்குத் தயக்கம். பலன் கிடைத்தது எனக்கும் அந்த ஃபிட்டர் பையனுக்கும்தான். ஒருநாள் இதை அக்காவிடமே கேட்டேன்.

"நீங்க செஞ்சதையேதான் நானும் செஞ்சேன். உங்களுக்கு இந்த அறை, எனக்கு அந்தச் சீட். வருத்தமா இல்லையா?"

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த கவரைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சு. தினமும் மேனேஜருக்காக ஜெபம் பண்ணுவேன், அவர் மூட்டுவலிக்குக்கூட. அது சுலபமா வந்துடும். நீ பெரியவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு அங்கேயே உக்காந்திருக்கறதைக் கேட்டப்போதான் கஷ்டமாப் போச்சு. ஒரு வாரம் உன் பேரைச் சொல்லி ஜெபிக்க வாயே வரல."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கவரை எடுத்தார்.